கலாநிதிப் பட்டமும் கலஹா பஸ்ஸும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் தலைகாட்டிய காலை வேளை. பத்திரிகையை மடியில் விரித்தபடி நாம் முன்விறாந்தையில் அமர்ந்திருந்தோம். எமது பழைய மாணவி ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு படலையைத் திறந்து உள்ளே வந்தாள். கையிலே நீண்ட பழுப்புநிற உறை ஒன்று. அரசாங்கக் கடிதம் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

இவள் கலஹாவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவள். உயர்தர வகுப்பிலே எம்மிடம் அளவையியல் கற்றாள். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து நான்கு ஆண்டுகள் படித்து, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவிலே தேறினாள். தகப்பனார் இல்லை. தாயார் இன்றும் கொழுந்தெடுக்கிறார். தம்பி ஒருவன் கண்டியிலே கடையொன்றில் வேலைக்கு நிற்கிறான்.

“ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது, சேர்” என்று உறையை நீட்டினாள்.

“நல்ல செய்தி! இனிப்பு எங்கே, பிள்ளை?” என்றோம்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்குக் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க விருப்பம், சேர். மெய்யியலில்” என்றாள்.

தேநீர்க் கோப்பைகளோடு வந்த எமது இல்லாள் அப்படியே நின்றுவிட்டாள். “மெய்யியலிலா?” என்று அவள் கேட்ட தொனியிலேயே, அவளுடைய இருபது ஆண்டு இல்லற அனுபவம் முழுவதும் அடங்கியிருந்தது. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

நாம் சற்றும் தாமதியாமல் புத்தி சொல்லத் தொடங்கினோம். ஆசிரியத் தொழிலுக்குரிய நோய் அது. அரசாங்க உத்தியோகம் கைக்கு வந்திருக்கும்போது கைநழுவ விடலாகாது என்றோம். தாயாரின் முதுகை எண்ணிப்பார் என்றோம். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற நிலை வந்ததே 2021ஆம் ஆண்டில்தான் என்பதையும் நினைவூட்டினோம். மெய்யியற் கலாநிதிக்கு இந்நாட்டிலே பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியன்றி வேறு வழியில்லை. அப்பதவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை என்றோம். எல்லாம் உண்மையே. அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில், “சேர், நீங்கள் ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?” என்று மெல்லக் கேட்டாள்.

தேநீர் ஆறிப் போயிற்று.

இக்கேள்விக்குப் பதில் சொல்லுமுன், நேயர்களுக்கு இப்பட்டத்தின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்தவரும், தாவரவியலில் ஆராய்ச்சி செய்தவரும், வரலாற்றில் ஆராய்ச்சி செய்தவரும் பெறுவது ‘தத்துவக் கலாநிதி’ என்ற ஒரே பட்டந்தான். அவர்களுட் பெரும்பாலோர் தத்துவ நூலொன்றைத் தொட்டும் பார்த்திரார். இதற்குக் காரணம் பழையது. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களிலே இறையியல், சட்டம், மருத்துவம் என்னும் மூன்றும் மேற்பீடங்கள். எஞ்சிய கல்வியெல்லாம் கலைப்பீடம், அதாவது தத்துவபீடம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தது. ஜேர்மானியர் ஆராய்ச்சியை வளர்த்தது அக்கூரையின் கீழேதான். 1810இல் பேர்லினிலே தோன்றிய பல்கலைக்கழகம் அம்முறைக்கு முன்மாதிரியாயிற்று. அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகம் 1861இல் இப்பட்டத்தை வழங்கத் தொடங்கிற்று. ஆங்கிலேயர் நெடுங்காலம் முகஞ்சுளித்தனர். ஒக்ஸ்போர்ட் இணங்கியது 1917ஆம் ஆண்டில். ஆகவே ‘தத்துவம்’ என்ற சொல் பட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்ட பழைய விலாசமேயன்றி வேறில்லை. மெய்யியலிலேயே ஆராய்ச்சி செய்து இப்பட்டம் பெறுபவர் மாத்திரமே, சொல்லுக்கும் பொருளுக்கும் பொருத்தமானவர்.

நாம் ‘கலாநிதி’ என்கிறோம். தமிழகத்தார் ‘முனைவர்’ என்கின்றனர். முனைவருக்கு முயற்சி வேண்டும், கலாநிதிக்கு நிதி வேண்டும் என்று எமது ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவர் வேடிக்கை பேசுவார். இக்காலத்தில் அவ்வேடிக்கையிலும் உண்மை கலந்திருக்கிறது. எழுதாத ஆய்வேட்டுக்குப் பணங்கட்டிப் பட்டம் பெற்று, சுவரொட்டியிலும் கலியாண அழைப்பிதழிலும் ‘கலாநிதி’ என்று அச்சிடுவோர் பெருகிவிட்டனர். பாவம், உண்மையாகப் பத்தாண்டு பாடுபட்டவர் தம் பெயருக்கு முன் அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படவேண்டிய நிலை. போட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் ‘எந்த ஆஸ்பத்திரி?’ என்றே கேட்பார்.

இனி எமது கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன், கற்பித்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்திலே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்தோம். அதனைக் கலாநிதிப் பட்டமாக உயர்த்தலாம் என்பது எண்ணம். தலைப்பு: சைவ சித்தாந்தத்தின் ஆன்மக் கொள்கையும் ஏனைய இந்திய தரிசனங்களும். தலைப்பைப் படித்தபோதே அறிந்தோர் சிரித்திருப்பர். எமக்கோ அது பெருமையாயிருந்தது. ஏனைய தரிசனங்கள் எத்தனை, அவற்றின் மூலநூல்கள் எந்த மொழியில் உள்ளன, அம்மொழியை நாம் அறிவோமா என்பன ஒன்றும் எமக்குத் தோன்றவில்லை. முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தோம். மேற்பார்வையாளர் பதினொரு மாதம் வைத்திருந்து, மூன்று கால்புள்ளிகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அவர் மீது நெடுநாள் கோபமாயிருந்தோம். இப்போது அக்கட்டுக்கடதாசியை எடுத்துப் படித்தால், கால்புள்ளிகளைத் தவிர அதிலே திருத்தக்கூடியது ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. முழுவதையும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், அவர் இரக்கமுள்ளவர். பிறகு கலியாணம், தகப்பனாரின் நோய், மாலை நேரத் தனிவகுப்புகள். நூற்றுநாற்பது பக்கங்கள் அலுமாரியின் மேற்றட்டிலே கிடக்கின்றன. இல்லாள் கேட்ட ‘மெய்யியலிலா?’ என்பதன் பொருள் இதுவே.

எனவே அன்று நாம் அவளுக்குச் சொன்ன புத்தி, பாதிக்குமேல் எமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானம். அதை அவள் கண்டுகொண்டாள். “அடுத்த ஞாயிறு வா, பிள்ளை. யோசித்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம்.

அந்த வாரம் முழுவதும் பேராதனையை எண்ணிக்கொண்டிருந்தோம். மெய்யியலிற் கலாநிதிப் பட்டம் என்றால் என்ன என்பதற்கு நாம் வெளிநாடுகளிலே உதாரணம் தேடவேண்டியதில்லை. கண்டியிலிருந்து நான்கு மைல் தொலைவிலேயே இருக்கிறது.

பேராசிரியர் கே. என். ஜயதிலக்க 1920இல் பிறந்தவர். கொழும்பிலே பாளியும் சமஸ்கிருதமும் கற்றுத் தேறியபின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே 1945 முதல் 1947 வரை விட்கென்ஸ்டைனின் வகுப்புகளிலே இருந்தார். (இந்த விட்கென்ஸ்டைன் கலாநிதிப் பட்டம் பெற்றதே ஒரு கதை. ஏற்கெனவே அச்சாகி அறிஞரெல்லாம் பேசிக்கொண்டிருந்த தம்முடைய நூலையே 1929இல் ஆய்வேடாகக் கொடுத்தார். தேர்வாளர் மூரும் ரஸலும். தேர்வு முடிந்ததும் இருவருடைய தோளிலும் தட்டி, உங்களுக்கு இது ஒருநாளும் விளங்காது, கவலைப்படவேண்டாம் என்று ஆறுதல் சொன்னாராம். நமது மாணவர் எவரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.) ஜயதிலக்க நாடு திரும்பி மெய்யியல் கற்பித்து, பேராதனையிலே பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் விளங்கினார். இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு 1963இல் நூலாக வெளிவந்தது. ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை என்பது அதன் பொருள். 1970இல், ஐம்பது வயது நிறையுமுன்னரே அவர் காலமானார்.

அந்நூலை நாம் முதன்முதலாக எடுத்துப் பார்த்தபோது எமக்கு ஏற்பட்டது வியப்பன்று, வெட்கம். புத்தர் காலத்திலே அறிவுக்கு ஆதாரம் எது என்பதில் மூன்று சாரார் இருந்தனர். பரம்பரையாக வந்த வேதவாக்கை நம்பினோர் ஒரு சாரார். தருக்கத்தை நம்பினோர் ஒரு சாரார். தாமே நேரிற் கண்டறிந்ததை நம்பினோர் ஒரு சாரார். புத்தர் தம்மை மூன்றாம் சாராரோடு சேர்த்துக்கொள்கிறார். இதைச் சொல்ல நமக்கு ஒரு பந்தி போதும். ஜயதிலக்க இதற்காகப் பாளிப் பிடகங்களை வரிவரியாகத் துருவுகிறார், உபநிடதங்களுக்குப் போகிறார், சமணரிடம் போகிறார், ஒரு சொல் எத்தனை இடத்தில் எத்தனை பொருளில் வருகிறது என்று பார்க்கிறார். உலகம் நித்தியமா அநித்தியமா என்பன போன்ற வினாக்களுக்குப் புத்தர் ஏன் விடை கூறவில்லை என்னுமிடத்தில், கேம்பிரிட்ஜிலே தாம் கற்றதையும் கொண்டுவந்து வைக்கிறார். பிடகத்தைப் பாளியிலே படித்தவர் அக்காலத்திற் பலர் இருந்தனர். விட்கென்ஸ்டைனிடம் பாடங்கேட்டவரும் சிலர் இருந்தனர். இரண்டையும் ஒரே தலையிலே சேர்த்தவர் அவரே. பேராதனையிலே அவருக்குப் பின்வந்த டேவிட் கலுபஹன இலண்டனிலும், பத்மசிறி த சில்வா ஹவாயிலும், குணபால தர்மசிறி லங்காஸ்டரிலும் பட்டம் பெற்றனர். அவர்கள் எழுதிய நூல்களையும் பார்த்தால், தத்துவ ஆராய்ச்சி என்பது கண்ணை மூடிக்கொண்டு சிந்திப்பதன்று, மொழி கற்பது, ஏடு புரட்டுவது, எண்ணிப் பார்ப்பது என்பது புலனாகும்.

பட்டம் பெற்றபின் எல்லோரும் தத்துவத்திலேயே தங்கிவிட்டார்களா என்றால் அதுவுமில்லை. ‘மனமே’ நாடகத்தைத் தந்த எதிரிவீர சரத்சந்திர 1949இல் இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றது நாடகத்துக்காகவன்று. பௌத்த உளவியலிலே புலக்காட்சி பற்றிய ஆய்வுக்காக. அது 1958இல் நூலாக வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முந்தி, 1956இல், ‘மனமே’ மேடையேறிச் சிங்கள நாடக உலகையே மாற்றிவிட்டது. அதே பேராதனையிலே, பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனிலே பட்டம் பெற்ற எமது சு. வித்தியானந்தன், கிராமத்துக் கூத்தை மாணவர்களைக் கொண்டு செப்பனிட்டு, 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என மேடைக்குக் கொண்டுவந்தார். ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளிலே மூழ்கிய இருவர், மத்தளச் சத்தத்திலே கரையேறியிருக்கின்றனர்!

இன்னொருவரையும் சொல்லவேண்டும். நியூயோர்க்கிலே 1944இல் பிறந்த ஓர் இளைஞர், 1972இல் கலிபோர்னியாவிலே கிளயர்மொண்ட் என்னுமிடத்தில் மெய்யியற் கலாநிதியானார். அவர் ஆராய்ந்தது ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக்கை. அதே ஆண்டு இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். பிக்கு போதி என்பது அவர் பெயர். கண்டியிலே உடவத்தைக் காட்டின் நடுவிலுள்ள ஆச்சிரமத்திலே பல ஆண்டுகள் வாழ்ந்து, வாவிக்கரையிலுள்ள பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் பதிப்பாசிரியராகவும் தலைவராகவும் இருந்து, பாளிச் சூத்திரங்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். 2002இல் அமெரிக்கா திரும்பினார். லொக்கைப் பற்றிய ஆய்வேடு அவருக்கு எதற்குப் பயன்பட்டது என்று ஒருவர் கேட்கலாம். ஒரு வாக்கியத்தை அது சொல்வதற்கு மேலாகச் சொல்லவிடாமல் பிடித்து நிறுத்தும் பழக்கத்தை அங்கே கற்றிருப்பார் என்பது எமது ஊகம். மொழிபெயர்ப்பாளனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது, இவற்றையெல்லாம் ஒரு சொற்பொழிவாகக் கொட்டத் தயாராக இருந்தோம். அவளோ தனியே வரவில்லை. தாயாரையும் அழைத்து வந்திருந்தாள்.

அந்த அம்மாளை நாம் முன்பு கண்டதில்லை. கதிரையின் விளிம்பிலே அமர்ந்தார். கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவாகவே போகிறது என்பதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். ஹிந்தகலையைத் தாண்டி, மலையேறி, கலஹாவுக்குப் போய், அதற்கப்பால் தெல்தோட்டை. ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் அந்தப் பக்கத்தில்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது 1952இல். அன்றுதொட்டு, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் திருவிழாவுக்கும் போகும் தோட்டத்துச் சனங்கள் அந்த வீதியாலே பஸ்ஸிற் போய்வந்திருக்கின்றனர். அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான் என்பதை எண்ணினால், யன்னலால் பார்த்தவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இந்த அம்மாளும் முப்பது ஆண்டு யன்னலால் பார்த்தவர்.

“இவ்வளவு படிச்சும் இன்னும் படிக்கணும்ங்கிறா, ஐயா” என்றார். “வேணாம்னு நான் சொல்லல. முடிச்ச பிறகு, சாமி உண்டா இல்லையான்னு திட்டமாச் சொல்லுவாளா? அதையாவது கேட்டு வச்சுக்கலாம்னு வந்தேன்.”

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி சிரிக்கக்கூடியதன்று. ஆறு ஆண்டு ஒரு மகளை விட்டுக்கொடுக்கப்போகும் தாய், விலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறாள். நாம் உண்மையைச் சொன்னோம். அதை அவள் சொல்லமாட்டாள், அம்மா. உண்டு என்பவரும் இல்லை என்பவரும் எந்தக் காரணத்தைக் கொண்டு சொல்கிறார்கள், அந்தக் காரணம் பொருந்துமா பொருந்தாதா என்று மாத்திரம் சொல்லுவாள் என்றோம். அவர் சற்று யோசித்தார். திருப்தியடைந்தாரா என்பது தெரியவில்லை.

“எதைப் பற்றி எழுதப் போகிறாய்?” என்று மகளிடம் கேட்டோம். எமது நூற்றுநாற்பது பக்கங்களின் நினைவோடு கேட்ட கேள்வி அது.

“மணிமேகலை, சேர்.”

“முழுவதுமா?”

“இல்லை, சேர். இருபத்தொன்பதாம் காதை மட்டும்.”

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மணிமேகலை முப்பது காதைகளைக் கொண்டது என்பதை மாணவர் அறிவர். அமுதசுரபியும் ஆபுத்திரனும் பரீட்சைக்கு வருவர். இருபத்தொன்பதாம் காதை வராது. காஞ்சியிலே அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கும் இடம் அது. காண்டல், கருதல் என அளவை இரண்டே என்று தொடங்கி, பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று அனுமானத்தின் உறுப்புகளை விரித்து, அவற்றிலே நேரும் போலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவது. சமஸ்கிருதத்திலுள்ள நியாயப்பிரவேசம் என்னும் நூலோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது, எது முந்தியது என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு.

1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரே இந்நூலின் பௌத்தப் பொருள் விளங்காமல் தவித்தவர். ஆங்கில நூல்களைப் படித்து விளக்கம் சொன்ன ரங்காசாரியாரின் துணையைக்கொண்டே அவர் அதைத் தெளிந்தார். ஐயரவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டத்தை வழங்கியது 1932இல், அவருடைய எழுபத்தெட்டாம் வயதை ஒட்டி. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப்போய்க் கேட்ட அந்தச் செயல்தான் ஆராய்ச்சி.

“அந்தக் காதையிலே உனக்கு என்ன பிடித்தது?” என்றோம்.

அவள் யன்னலுக்கு வெளியே காட்டினாள். எமது வீட்டுவாசலிலிருந்து ஹந்தானை மலை தெரியும். அன்று அதன் இடுப்பிலே வெண்மையாக ஏதோ எழுந்துகொண்டிருந்தது.

“மலையிலே நெருப்புண்டு, புகையிருப்பதால், அடுக்களை போல. இதைத்தானே, சேர், நீங்கள் உயர்தரத்திலே படிப்பித்தீர்கள்? அந்தக் காதையிலே ஒரு போலி வருகிறது. எழுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீருமுன்னரே, அதைப் புகையென்று வைத்துக்கொண்டு நெருப்புண்டு என்று துணிவது. அதை எழுதியவர் கட்டாயம் ஏதாவது மலையடிவாரத்திலே இருந்திருப்பார் என்று நினைத்தேன். ஏது சந்தேகமாயிருந்தால் முடிவும் சந்தேகம். அப்படியானால் சந்தேகம் எப்போது தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? அதற்கு அந்தக் காதையிலே பதில் இருக்கிறதா, இல்லையா? அதைத்தான் பார்க்கவேண்டும்.”

தாயார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், “இதுக்கு எதுக்குப் புத்தகம்?” என்றார். “பனி மலை முழுக்கப் படுத்துக் கெடக்கும். பொகை ஒரு எடத்துலேருந்துதான் எழும்பும். காத்தடிச்சா வாடையும் வரும். விடிய பெரட்டுக்குப் போறவளுக்கு இது தெரியாதா?”

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா சொன்னதும் ஏதுதான், சேர்” என்றாள்; கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டாள். நாம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குறித்துக்கொண்டாள்.

அதன்பிறகு எமது புத்தியை மாற்றிக்கொண்டோம். முழுவதும் அல்ல. உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதிலே இப்போதும் எமக்கு மாற்றமில்லை. பசித்த வயிற்றோடு அளவையியல் கற்கமுடியும் என்று சொல்லுவோர் பசித்தறியாதவர். ஆனால் நியமனம் கிடைத்த பாடசாலை தெல்தோட்டைப் பக்கத்திலேயே இருந்தபடியால், கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம் என்றோம். முதலிலே முதுதத்துவமாணி, வேலை நன்றாயிருந்தால் அதைக் கலாநிதியாக உயர்த்தக் கேட்கலாம். தமிழிலே ஆய்வேடு எழுத இடமுண்டு என்றாலும், ஆங்கிலத்திலே வாசிக்காமல் ஒரு பக்கமும் நகராது. அதைவிட முக்கியம் பாளியும் சமஸ்கிருதமும். நியாயப்பிரவேசத்தை மொழிபெயர்ப்பிலே மாத்திரம் படித்துவிட்டு மணிமேகலையோடு ஒப்பிட்டால், அது எழுவது பனியா புகையா என்று பாராமல் துணிவதேயாகும். மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யும்போது அவருடைய புகழைப் பாராமல், அவரிடம் படித்தவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று விசாரிக்கும்படி சொன்னோம். எமது கால்புள்ளிக் கதையையும் சொன்னோம். தாயார் அதைக் கேட்டுத்தான் அன்று முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார்.

“எத்தனை வருசம் ஆகும், ஐயா?” என்று எழும்போது கேட்டார்.

“முழுநேரமாகப் படிப்பவருக்கே மூன்று, நான்கு ஆண்டு. இவளுக்கு ஏழு, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

அவர் விரல்களை மடக்கினார். எதை எண்ணினார் என்று நாம் கேட்கவில்லை. தமக்கு ஓய்வு பெற எத்தனை ஆண்டு என்பதாயிருக்கலாம், மகனுடைய கலியாணமாயிருக்கலாம். “அப்ப வேலையிலே சேர்ந்துக்கிட்டே படிக்கட்டும்” என்றார். பிறகு, “கல்யாணம் பேச வர்றவங்களுக்கு என்ன சொல்றது?” என்றார். அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. எமது இல்லாளிடம் இருந்தது. “படிக்கிற பிள்ளை வேண்டாமென்கிற வீட்டிலே நீங்கள் ஏன் பெண் கொடுக்க வேண்டும்?” என்றாள். ‘மெய்யியலிலா?’ என்று கேட்ட அதே ஆள்தான்!

புறப்படும்போது எமது அலுமாரியிலிருந்து மணிமேகலையை எடுத்துக் கொடுத்தோம். அட்டை கழன்ற பழைய பிரதி. பதிவுக்கு வேண்டிய படிவங்களை அவள் இந்த வாரம் நிரப்புகிறாள். சனிக்கிழமைகளிலே பாளி சொல்லித்தர முதியவர் ஒருவரும் பேராதனைப் பக்கத்திலே கிடைத்திருக்கிறார். புத்தகத்தை இரவலாகவே கொடுத்திருக்கிறோம். ஆய்வேட்டோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. கலஹா பஸ் நாலரைக்கு என்று சொல்லி இருவரும் அவசரமாக இறங்கிப் போயினர்.